உப்புமண்டிச் சந்தின் துப்பட்டி

உப்புமண்டிச் சந்தில் குடியிருக்கும் யாரும் பக்கத்து வீட்டுக்காரர் கனவைப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது, சொன்னால் அடுத்த மத்தியானமே அந்தப் பொய் உயரத் தொப்பி வைத்துக்கொண்டு எல்லார் கண் முன்னாலும் நடந்து போகும். இதற்கெல்லாம் காரணம் எங்கள் வீட்டுத் துப்பட்டிதான் என்று ஊர் சொல்கிறது, ஆனால் துப்பட்டி மேல் ஒரு குற்றமும் கிடையாது, அது நல்ல கெட்டித் துணி, என் கல்யாணத்துக்கு வந்தது, இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், பால் மாதிரி வெள்ளை, ஒரு கறை இருந்ததில்லை. அதை இரவல் கொடுத்தது நான்.

கேட்டு வந்தவர் லெயோன் சவரிநாதன். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போகும்போது எடுத்துக்கொண்டு போக மறந்த சாமான்களில் அவரும் ஒருவர். பிரெஞ்சு சினிமா ரசிகர் சங்கம் என்று ஒன்று நடத்தினார், அதற்குத் தலைவர் அவர், செயலாளர் அவர், மழை பெய்தால் ரசிகரும் அவர் ஒருவர்தான். நூறு வருஷத்துக்கு முந்திய ஊமைப் படங்களை எங்கள் சந்திலேயே போட்டுக் காட்டப் போவதாகவும், சங்கத்துத் திரையை எலி கடித்துவிட்டதாகவும், வெள்ளைத் துணி ஒன்று கிடைத்தால் கலைக்குப் பெரிய உதவி என்றும் சொன்னார்.

"கறை படுமா?" என்று கேட்டேன்.

"வெளிச்சம்தான் படும் மதாம்," என்றார்.

வெளிச்சத்தில் என்ன கறை வரப்போகிறது என்று கொடுத்துவிட்டேன். பொழுது சாய்ந்ததும் கட்டினார்கள். படத்தில் ஒரு தொப்பிக்காரன் தன் கோட்டைத் திறந்தான், உள்ளே மாடிப்படி இருந்தது, அதில் ஏறிப் போனால் மேலே கடல் இருந்தது, கடலில் ஒரு பியானோ உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மதாம் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க அவள் முகம் அழிந்துகொண்டே வந்தது, அவளோ அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் குடையை விரித்தாள், குடைக்கு உள்ளே மட்டும் மழை பெய்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எங்கள் சந்தில் பாதிப் பேர் சொல்தா குடும்பம், அதாவது தாத்தாவோ அப்பாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பம், அதனால் புரியவில்லை என்று சொல்வது கௌரவக் குறைச்சல். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மா அக்கா மட்டும் எழுந்து, "முசே, இதுல கதை எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"இது கனவு மாதிரி எடுத்தது அம்மா. புரியக் கூடாது. அதுதான் இதன் மேன்மை," என்றார் சவரிநாதன்.

"புரியாததுக்கு எங்க வீட்டுக்காரர் பேச்சே போதும். இதுக்கு எதுக்குக் கரண்டு?" என்றாள்.

மறுநாள் துப்பட்டி திரும்பி வந்தது. கறை இல்லைதான், ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. யார் யாரோ ஜோடு காலோடு நடந்த துணி, மீனும் கடலும் பட்ட துணி, அதை எப்படிப் படுக்கையில் விரிப்பது என்று சோடா உப்பில் ஊற வைத்து, அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, முற்றத்துக் கொடியில் உலர்த்தினேன். அப்படித் துவைத்ததால்தான் படம் போகாமல் துணியோடு ஒட்டிக்கொண்டது என்று சவரிநாதன் பிற்பாடு கூட்டங்களில் பேசினார். அப்படியானால் கஞ்சியில்தான் கலை இருக்கிறது, அவருடைய சங்கத்தில் இல்லை.

எங்கள் ஊரில் மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடைகளை மூடிவிடுவார்கள். வெள்ளைக்காரன் விட்டுப் போன பழக்கங்களில் ஜனங்கள் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அய்யனாரப்பன் குடிதண்ணீர்க் குழாய் திறந்து மூடுகிற வேலையில் இருப்பவர், விடியுமுன்னே போய்விட்டு வருவார், சாப்பிட்டதும் துப்பட்டி நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தார், படுத்ததும் குறட்டை, குறட்டையோடு துப்பட்டியில் படம் ஓட ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை. அவரேதான், ஆனால் உயரத் தொப்பியும் சட்டையும் கோடு போட்ட கால்சட்டையும் போட்டுக்கொண்டு, கோழி மாதிரி வெடுக் வெடுக்கென்று நடந்து போனார். தெருவில் குழாய்க்குப் பதிலாக யானைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு யானையின் வாலையும் அவர் சாவி போட்டுத் திருக, தும்பிக்கையிலிருந்து ஆட்டுக்கால் சூப்பு கொட்டியது, ஜனங்கள் குடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

உப்பு கேட்க வந்த கெங்கம்மா அக்கா உப்பை மறந்து கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள்.

"கனவுலயாவது சட்டை போட்டுக்கறாரே உன் வீட்டுக்காரர்," என்றாள். பிறகு, "நாளைக்கும் தூங்குவாரா?" என்று கேட்டாள்.

மறுநாளும் தூங்கினார். சந்தே வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை, குறைதான் சொன்னார்கள். கலர் இல்லையா என்றார்கள், பாட்டு கிடையாதா என்றார்கள், சண்டைக் காட்சி ஒன்றாவது வைக்கக் கூடாதா என்று தூங்குகிறவரை எழுப்பியே கேட்டார்கள். இதற்குள் ஒருத்தி முற்றத்து மூலையில் சுண்டல் கூடையை இறக்கிவிட்டாள். அதற்கப்புறம் பார்ப்பது மட்டும் போதவில்லை, ஆளாளுக்குத் தாங்களும் படுக்க வேண்டும் என்று தலையணையோடு வந்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் கட்டிலைத் தட்டிப் போட்டு, வாசலைப் பெருக்கி, இரைச்சல் போடும் பிள்ளைகளை அதட்டி, நான்தான் காவல் இருந்தேன், துணி கிழியப் போகிறதே என்று ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேனே தவிர, அதன் கீழே நான் ஒரு நாளும் படுத்ததில்லை. மத்தியானம் படுக்கிற பொம்பிளை வீட்டில் அரிசி தங்காது என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். அதைச் சொன்ன ஆண்கள் எல்லாரும் கட்டிலில் இருந்தார்கள்.

பார்த்துப் பார்த்துச் சில விஷயங்கள் தெரிந்துகொண்டோம். பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால் படம் மங்கும். அழுதுவிட்டுப் படுத்தால் துணி நிஜமாகவே ஈரமாகும். யார் துப்பட்டிக்கு மிக அருகில் தூங்குகிறார்களோ அவர்கள் கனவுதான் வரும். இது எப்படித் தெரிந்தது என்றால், தபால்காரர் கட்டிலில் படுத்திருந்த ஒரு நாள் ஒரு தெருநாய் துப்பட்டிக்குப் பின்பக்கம் வந்து விளிம்பில் மூக்கை வைத்துத் தூங்கிவிட்டது, அன்றைக்கு ஓடிய படத்தில் கறிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி நாலு காலில் நின்று வாலாட்டினார், எல்லாரும் தபால்காரருக்கு இவ்வளவு கற்பனையா என்று வியந்துகொண்டிருந்தபோது நாய் எழுந்து சோம்பல் முறித்தது, படம் நின்றது, தபால்காரர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கனவில் தையல்காரர் யாரோ ஒரு பெண்ணோடு கை கோத்துக்கொண்டு போனார், அவர் மனைவி கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "இறகு வச்ச தொப்பி போட்டிருக்கா. வெள்ளைக்காரி. இந்த ஊர்க்காரி இல்ல, விடு," என்று வந்து உட்கார்ந்து சுண்டல் தின்றாள்.

வார்டு கவுன்சிலர் ஒருநாள் மாலையும் மரியாதையுமாக வந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டாரே தவிரத் தூங்கவில்லை. துப்பட்டி வெள்ளையாகவே இருந்தது. எழுந்து, தன் மனசும் இப்படித்தான் என்று சொல்லிக் கும்பிட்டார், எல்லாரும் கை தட்டினோம். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் ஆட்களோடு வந்து கருத்தரங்கு நடத்தினார். அய்யனாரப்பனின் யானைகள் பாரீசில் அந்தக் காலத்தில் தோன்றிய ஒரு பெரிய இயக்கத்தின் வாரிசுகள் என்று பேசிச் சால்வை போர்த்தினார், சவரிநாதன் மூக்கைச் சிந்தினார், தங்களைப் பாதித்த விஷயம் எது என்று பேராசிரியர் கேட்க, என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் யோசித்து, "பழைய சோறு," என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் எனக்கென்ன. ஜனங்களுக்கு ஒரு அதிசயம் கிடைத்தால் அதை வைத்துக் கல்யாணம் பேசாமல் இருக்கத் தெரியாது.

ஜாதகத்தை ஜோசியர் திருத்திவிடுவார், போட்டோவை ஸ்டுடியோக்காரர் வெளுக்க வைத்துவிடுவார், கனவை யாரால் என்ன செய்ய முடியும் என்று ஒரு மாப்பிள்ளையின் அத்தை ஆரம்பித்து வைத்தாள். அதிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி காபி முடிந்ததும் பெண்ணைத் தூங்கச் சொன்னார்கள். பெண் நூல் புடவைக்கு மாறி, பெரியவர்களைக் கும்பிட்டு, கிழக்கே தலை வைத்துப் படுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் முன்வரிசை. தாய்மாமன் விசிற வேண்டும் என்று யாரோ ஒருவர் சொன்னார், மறு வாரமே அது ஆதிகாலத்து வழக்கமாகிவிட்டது. பெண்கள் படுக்கப் போகுமுன் அம்மாக்கள் குத்துவிளக்கு, துளசிமாடம், மாமனாரின் பாதம் என்று காதில் ஓதினார்கள். அப்படியும் ஒரு பெண் தான் ஒரு மின்சாரக் கம்பமாக நின்று ஊருக்கெல்லாம் விளக்குப் போடுவதாகக் கனவு கண்டாள், கம்பத்துக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை கிடைக்கும், மாப்பிள்ளை வீட்டார் சுண்டலைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

என் மகள் நித்திலாவுக்கு இருபத்தாறு வயசு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. எழுத்துப் பலகையைக் காட்டி இது தெரிகிறதா அது தெரிகிறதா என்று ஊரையே கேட்கிறவள், வீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. கடைக்காரர் திருச்சியில் புதுக் கிளை திறக்கிறார், அதை இவள்தான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாராம். தனியாகத் தங்க வேண்டும், யார் சமைப்பார்கள், காய்ச்சல் வந்தால் யார் இருக்கிறார்கள், தெருவில் விளக்கு இருக்குமா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

"மாப்பிள்ளையோட கனவை யாரும் பாக்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"ஆம்பிளைங்க மத்தியானம் தூங்கறது நல்லா இருக்குமாடி?" என்றேன். முற்றத்தில் மூன்று பேர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் குணவதி அம்மாள் வீட்டிலிருந்து வரன் வந்தது. அசல் சொல்தா குடும்பம், பையன் ஆனந்தராசுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். பாரீசில் இருக்கிறான் என்றார்கள், பாரீசிலிருந்து ரயிலில் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் போதும், மாப்பிள்ளைக்கு மூக்கு இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். நாள் குறித்தாயிற்று. பெண் பிடித்திருந்தால் அன்றைக்கே பூ வைத்துவிடுவதாகவும், கனவை மட்டும் பார்த்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

நித்திலா என்ன கனவு காண்கிறாள் என்று எனக்கே தெரியாது. வயிற்றில் பத்து மாசம் வைத்திருந்தும் அது தெரியாமல் போய்விட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஊரை எல்லாம் வராதே என்று விரட்டிவிட்டு, கதவைச் சாத்தி, அவள் கூடத்தில் கண் அசந்த நேரம் பார்த்து அவள் தலைமாட்டில் துப்பட்டியைக் கட்டினேன்.

படம் ஓடியது. நீளமான ஒரு சாலை, இரண்டு பக்கமும் மரத்துக்குப் பதிலாக விளக்கு வைத்த கண்ணாடி பீரோக்கள். நித்திலா அதில் தனியாக நடந்து வந்தாள், நீளக் கவுன், கையில் ஒரு பெட்டி. பெட்டியைத் திறந்தாள், உள்ளே எங்கள் வீடு இருந்தது, தீப்பெட்டி அளவு முற்றம், அதில் கடுகளவு நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள், வாய் அசைந்தது, கேட்கவில்லை. பிறகு பெட்டியை மூடி ஒரு பீரோவில் பத்திரமாக வைத்து, சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். நான் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன், எங்காவது ஒரு ஆண்பிள்ளை வருகிறானா என்று. ஒரு பையனாவது இருந்திருந்தால் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்துத் திட்டவோ, இல்லை என்றால் பேசி முடிக்கவோ செய்யலாம். யாருமே இல்லை. யாரும் இல்லாததை யாரிடம் போய் விசாரிப்பது? யாரும் இல்லாமல் அவள் அப்படிச் சிரித்ததுதான் எனக்குப் பெரிய இடி.

இதைக் குணவதி அம்மாளுக்குக் காட்ட முடியாது. யோசித்தேன். நாய் ஞாபகம் வந்தது.

"நீ கட்டில்ல கண்ணை மூடிப் படுத்திரு, தூங்காதே," என்று நித்திலாவிடம் சொன்னேன். "துப்பட்டிக்குப் பின்னாடி ஒட்டினாப்பல பாயைப் போட்டு நான் தூங்கறேன்."

"உன் கனவை என் கனவுன்னு காட்டப் போறியா?"

"என் கனவுல என்ன இருக்கப் போகுது? அடுப்பு இருக்கும், அரிசி இருக்கும், உங்கப்பாவுக்குச் சோறு போடறது இருக்கும். மாமியாருங்க கேக்கறதே அதுதான்."

"நீ என்ன கனவு காண்பேன்னு உனக்குத் தெரியுமா?"

"காலையில எழுந்தா எதுவும் ஞாபகம் இருக்காது. அதெல்லாம் அடுப்பாத்தான் இருக்கும்."

அவள் என்னைக் கடைக்குக் கண் காட்ட வருகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "சரி," என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதும் எனக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது.

குணவதி அம்மாள் பட்டுப் புடவையில், தாம்பாளத்தில் பழங்களோடு, நாலைந்து உறவுப் பெண்களோடு வந்தாள். ஆனந்தராசு லீவில் வந்திருந்தான், நல்ல பையன்தான், அம்மா உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தான், சிரிக்கச் சொன்னபோது சிரித்தான். சந்து முழுக்க எங்கள் முற்றத்தில் இருந்தது. சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆயிற்று. நித்திலா கும்பிட்டுவிட்டுப் படுத்தாள், என் தம்பி விசிறியை எடுத்தான். பெண்ணைப் பெற்றவள் எங்கே என்று யாரோ கேட்க, கெங்கம்மா அக்கா, "காபித் தண்ணி கொதிக்குது, வருவா," என்றாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குச் சொல்லித்தான் எதுவும் தெரிய வேண்டும் என்பதில்லை.

நான் துப்பட்டிக்குப் பின்னால் பாயில் சரிந்தேன். பகலில் தூங்கியே பழக்கம் இல்லாதவளுக்குத் தூக்கம் வருமா என்று பயந்துகொண்டே இருந்தேன், அந்தப் பயத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டேன்.

எழுந்தது சத்தம் கேட்டுத்தான். கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மகத்தான காட்சி," என்று சவரிநாதன் தழுதழுத்தார். "பாரீசில் அந்தக் காலத்து மேதைகளுக்கே இது தோன்றவில்லை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது முசே," என்று குணவதி அம்மாள் குரல் கேட்டது. "பாத்தீங்களா, உங்க பொண்ணு முகத்தை மறைக்கற வலைத் தொப்பி போட்டுக்கிட்டு அடுப்புல பாலை வச்சுது, பொங்கப் போற நேரம் அது பாட்டுக்குத் தன் தலையைத் திருகிக் கழட்டி, பித்தளைத் தவலைங்க நடுவுல அலமாரியில வச்சு, பாலைப் பாத்துக்கோன்னு கை காட்டிட்டு, உடம்பு மட்டும் ஓடிப் போச்சு. தலை அங்கயே உக்காந்து பாலைப் பாத்துப் பாத்துப் புலம்பிக்கிட்டு இருக்குது. இதைவிட லட்சணமான மருமக எங்க கிடைப்பா? எதிர்த்துப் பேச வாய் இருக்காது, முறைக்கக் கண்ணு இருக்காது. எங்க வீட்டுக்குத் தலை ஒண்ணு போதும், அதுக்கு நான் இருக்கேன். ஆனந்து, உனக்குச் சம்மதம்தானே?"

"உங்க இஷ்டம்மா," என்றான் ஆனந்தராசு.

"அப்ப பூவை எடுங்க."

நான் பாயில் உட்கார்ந்து என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். தலை இருந்தது. துப்பட்டி ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். குணவதி அம்மாள் பூச்சரத்தை விரித்து நித்திலாவின் தலைக்குக் கொண்டுபோனாள். அந்தத் தலை நான் இருபத்தாறு வருஷம் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, அம்மை வந்தபோது வேப்பிலையால் வருடி வளர்த்த தலை. அதற்குள் ஒரு நீளச் சாலையும் விளக்கு வைத்த பீரோக்களும் இருக்கின்றன, அதை எடுத்துக் கழற்றி வைத்துவிட்டு உடம்பை மட்டும் அனுப்புங்கள் என்று பழத்தட்டோடு வந்திருக்கிறார்கள், நானும் பஜ்ஜி போட்டிருக்கிறேன். நித்திலா பூவைப் பார்க்கவில்லை. துப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து முன்னால் வந்தேன். தலை கலைந்து, கன்னத்தில் பாய்க் கோடு பதிந்து.

"அந்தக் கனவு என்னுதுங்க," என்றேன்.

"என்னம்மா சொல்றீங்க?"

"பின்னாடி படுத்திருந்தது நான். கழட்டி வச்சது என் தலை. இவ தூங்கவே இல்ல."

குணவதி அம்மாள் பூவைத் தட்டில் வைத்தாள். "அப்ப உங்க பொண்ணு என்னதான் கனவு காணுது?"

இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், கோலம் போடுகிற மாதிரி, கோயில் சுற்றுகிற மாதிரி என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அவ கனவுல யாருமே இல்லைங்க," என்றேன். "பெத்தவ நானே ஒரு பெட்டிக்குள்ள கடுகாட்டம் இருக்கேன். நீங்க எங்க இருக்கப் போறீங்க?"

நித்திலா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அதுவரைக்கும் நான் துணியில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

குணவதி அம்மாள் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, "பழம் இருக்கட்டும், தாம்பாளத்தைக் குடுங்க," என்று வாங்கிக்கொண்டு போனாள். ஆனந்தராசு மட்டும் ஒரு கணம் நின்று துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தான். அவனுக்கும் படுத்துப் பார்க்க ஆசை இருந்திருக்கும், பாவம், அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

ஏமாற்றினேனே, அதற்காகச் சந்து என்னைத் திட்டும், ஒரு பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைக் கையால் தள்ளினேனே, அதற்காக ஒரு தலைமுறைக்கு ஏசும் என்று குனிந்துகொண்டே நின்றேன். யாரும் எழுந்து போகவில்லை. முதலில் என் வீட்டுக்காரர்தான் பேசினார். "ஏன்டி, பாலை அடுப்புல வச்சுட்டா போன? நிறுத்திட்டுப் போகக் கூடாது?"

"அவர் கெடக்கறார்," என்றாள் கெங்கம்மா அக்கா. "பாதியில முழிச்சுட்டியேடி. உடம்பு கடற்கரை வரைக்கும் ஓடிச்சு, செருப்பைக் கழட்டி விட்டெறிஞ்சுது, அப்புறம் மேக்கால திரும்பிச்சு, அதோட நின்னு போச்சு. எங்க போச்சுன்னு தெரியாம நாங்க எல்லாம் எப்படி வீட்டுக்குப் போறது?"

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"நாளைக்கு வந்து படு. நான் துப்பட்டியைப் பாத்துக்கறேன்."

நித்திலா அந்த வாரமே திருச்சிக்குப் போனாள். ஊறுகாய், பருப்புப் பொடி, காய்ச்சல் மாத்திரை, டார்ச் லைட், இரண்டு பூட்டு எல்லாம் கட்டிக் கொடுத்தேன், ஒரு பூட்டு போதும் என்றாள், இரண்டையும் எடுத்துக்கொண்டாள். நான் மத்தியானம் படுக்கிறேன். அரிசி தங்கத்தான் செய்கிறது. முற்றத்தில் உட்கார இடம் கிடைப்பதில்லை, பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வருகிறார்கள், நான் எங்கே போகிறேன் என்று எல்லாருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் கெங்கம்மா அக்கா சொன்னால்தான் உண்டு. கடை சாத்தியதும் நித்திலா போன் பண்ணுவாள்.

"இன்னைக்கு எது வரைக்கும்மா?"

"உளுந்தூர்ப்பேட்டை தாண்டிட்டேனாம்."

"அப்ப இந்தப் பக்கமாத்தான் வர்ற."

"அது எனக்கு எப்படிடி தெரியும், கண்ணு அலமாரியிலதானே இருக்கு," என்றேன். "நீ சாப்பிட்டியா?"